உங்களுக்குத் தெரியுமா? வெடிக்கும் முன் எரிமலை என்ன சொல்லும்?

எரிமலை சொல்லாமல் கொள்ளாமல் வெடிப்பது குறைவு. முதலில் நடுங்கும், வீங்கும், வாயுவைக் கக்கும். அதன் பிறகே பொங்கும். இந்த மூன்றையும் இரவு பகலாகக் கவனிப்பதற்கென்றே உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுப் பிழைத்த ஊர்களும் உண்டு, கேட்காமல் அழிந்த ஊர்களும் உண்டு.

எத்தனை எரிமலைகள்?
இனியும் வெடிக்க வாய்ப்புள்ள எரிமலைகள் உலகில் சுமார் 1,350. நடுக்கடலின் அடியில் நீளும் எரிமலைத் தொடர்கள் இந்தக் கணக்கில் சேராது. இவற்றில் 500 வரை எழுதப்பட்ட வரலாற்றுக் காலத்திலேயே வெடித்தவை. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் 40 எரிமலைகளாவது எங்கோ கனன்றுகொண்டிருக்கும்.

முதல் காவல் நிலையம்
எரிமலையைக் கண்காணிக்க உலகில் முதன்முதலாக நிலையம் அமைந்தது இத்தாலியில். பாம்பெய் நகரைப் புதைத்த வெசூவியஸின் சரிவில் 1841இல் அது நிறுவப்பட்டது. அங்கே பணியாற்றிய லூயிஜி பால்மியேரி, 1856இல் மின்காந்த நில அதிர்வுமானி ஒன்றை உருவாக்கினார். மனித உடலுக்குத் தெரியாத சின்னஞ்சிறு நடுக்கங்களும் அதில் பதிந்தன.

28,000 பேர் சாவு, ஒருவரின் முடிவு
1902இல் கரீபியன் தீவான மார்டினிக்கில் பெலே எரிமலை வெடித்தது. செயின்ட் பியர் நகரம் சில நிமிடங்களில் அழிந்தது. சுமார் 28,000 பேர் மாண்டார்கள். அழிவை நேரில் போய்ப் பார்த்த அமெரிக்கப் புவியியலாளர் தாமஸ் ஜாகர், வெடித்த பிறகு ஓடுவதில் பயனில்லை, எரிமலையின் பக்கத்திலேயே குடியிருந்து கவனிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். 1912இல் ஹவாயின் கிலாவேயா எரிமலை விளிம்பில் அவர் தொடங்கிய ஆய்வகம் இன்றும் இயங்குகிறது.

நடுக்கத்தில் இரண்டு வகை
நிலத்தடிக் குழம்பு மேலே ஏறும்போது பாறை உடைகிறது. அப்போது வருவது கூர்மையான, சட்டென்று முடியும் அதிர்வு. குழம்பும் வாயுவும் விரிசல்களில் அடைபட்டு அழுத்தம் ஏறும்போது வருவது மெதுவான, நீண்ட அதிர்வு. இரண்டாம் வகை கூடினால் ஆய்வகத்தில் யாரும் அன்று இரவு தூங்க மாட்டார்கள்.

அலறல், பிறகு மௌனம்
2009இல் அலாஸ்காவின் ரீடவுட் எரிமலையில் குட்டி நிலநடுக்கங்கள் நெருங்கி நெருங்கி வந்து, கடைசியில் நொடிக்கு 30 வரை எட்டின. பதிவை வேகப்படுத்திக் கேட்டால் சுருதி ஏறிக்கொண்டே போகும் அலறல் போல இருக்கும். பிறகு திடீரென்று மௌனம். ஒரு நிமிடத்துக்குள் வெடிப்பு.

ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்
குழம்பு நிரம்பினால் மலை வீங்கும். வீங்கினால் சரிவின் கோணம் மாறும். அதை அளப்பது சாய்வுமானி. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள தண்டின் ஒரு முனையை ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் எவ்வளவு சாயுமோ, அந்தச் சாய்வைக்கூட இது கண்டுபிடித்துவிடும். கிலாவேயாவில் 2024 டிசம்பரில் தொடங்கிய எரிமலைக்குழம்பு ஊற்றுகள் விட்டுவிட்டுப் பொங்கின. ஒவ்வொரு முறையும் வீக்கம் பழைய அளவை நெருங்குவதை வைத்து, அடுத்த பொங்கல் எந்த நாட்களுக்குள் வரும் என்று ஆய்வகம் முன்கூட்டியே அறிவித்தது.

கண்ணுக்கே தெரிந்த வீக்கம்
1980 வசந்தத்தில் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலை, வடக்குப் பக்கமாக நாளுக்கு 1.5 முதல் 2 மீட்டர் வரை புடைத்துக்கொண்டே வந்தது. மே 18 காலை 8.32க்கு வந்த நிலநடுக்கத்தில் அந்தப் பக்கமே சரிந்தது. அடைபட்டிருந்த குழம்பு பக்கவாட்டில் பீறிட்டது. சுமார் 10 கி.மீ. தள்ளிக் காவலிருந்த எரிமலை ஆய்வாளர் டேவிட் ஜான்ஸ்டன் உட்பட 57 பேர் இறந்தனர். அந்த வட்டாரத்துக்குள் நுழையத் தடை போட்டிருக்காவிட்டால் எண்ணிக்கை பல மடங்கு ஆகியிருக்கும்.

வாயு வைத்தியம்
கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் நுரை எழுவது போல, மேலே வரவர அழுத்தம் குறைந்து குழம்பிலிருந்து வாயு பிரிகிறது. கார்பன் டை ஆக்ஸைடு ஆழத்திலேயே பிரிந்துவிடும். கந்தக டை ஆக்ஸைடு பிரிவது மேற்பரப்பை நெருங்கிய பிறகு. எது எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் குழம்பு எங்கே இருக்கிறது என்று ஊகிக்கலாம். கந்தக வாயுவைத் தொலைவிலிருந்து அளக்கப் பல ஆண்டுகள் பயன்பட்ட கருவி, ஆலைப் புகைபோக்கிகளின் மாசை அளப்பதற்காகச் செய்யப்பட்டது.

வரைபடம் இருந்தது, ஊர் நகரவில்லை
கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 1985இல் பல மாதங்களாக முனகிக்கொண்டிருந்தது. எந்தெந்த ஊர்களுக்குச் சேற்று வெள்ளம் வரும் என்று காட்டும் வரைபடம் அக்டோபரிலேயே தயாராகிவிட்டது. ஆர்மேரோ நகரம் அதில் ஆபத்துப் பகுதியாகவே குறிக்கப்பட்டிருந்தது. நவம்பர் 13 பிற்பகல் ஊரில் சாம்பல் விழுந்தது. பதற வேண்டாம் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. இரவு 9 மணியளவில் பெரிய வெடிப்பு. சிகரத்துப் பனி உருகி, மண்ணும் பாறையும் சேர்ந்த வெள்ளம் பள்ளத்தாக்குகளில் இறங்கியது. அது ஆர்மேரோவை எட்ட இரண்டரை மணி நேரம் ஆனது. மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தனர்.

பெட்டி படுக்கையோடு ஒரு குழு
ஆர்மேரோ துயரம் முடிந்த மறு ஆண்டே, 1986இல், அமெரிக்கா ஒரு நடமாடும் குழுவை அமைத்தது. எந்த நாட்டில் எரிமலை முனகினாலும், அந்த நாடு அழைத்தால், கருவிகளைக் கட்டிக்கொண்டு கிளம்புவது அதன் வேலை. ஐந்தே ஆண்டுகளில் அதற்குப் பெரிய சோதனை வந்தது.

பினாடுபோ: கேட்டுப் பிழைத்தார்கள்
பிலிப்பீன்ஸின் பினாடுபோ சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய மலை. அதை எரிமலை என்றே அங்கே பலருக்குத் தெரியாது. 1991 ஏப்ரல் 2இல் நீராவி வெடிப்புகள் தொடங்கின. பிலிப்பீன்ஸ் விஞ்ஞானிகளும் அமெரிக்கக் குழுவும் சேர்ந்து அதிர்வுமானிகளை நட்டார்கள், ஐந்து நிலை எச்சரிக்கை முறையை வகுத்தார்கள். மே 13இல் நாளுக்கு 500 டன்னாக இருந்த கந்தக டை ஆக்ஸைடு, மே 28க்குள் பத்து மடங்கானது. பிறகு மளமளவென்று குறைந்தது. ஆபத்து நீங்கிவிட்டது என்று யாரும் மகிழவில்லை. வாயு வெளியேறும் வழி அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்றே எடுத்துக்கொண்டார்கள். ஜூன் 10இல் அருகிலிருந்த கிளார்க் விமானப்படைத் தளம் காலி செய்யப்பட்டது. ஜூன் 15இல் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பு நிகழ்ந்தது. முன்னறிவிப்பு குறைந்தது 5,000 உயிர்களைக் காத்ததாக மதிப்பிடுகிறார்கள்.

கூரைதான் கொன்றது
அதே ஜூன் 15இல் பினாடுபோ பக்கமாக ஒரு புயலும் கடந்தது. மழையில் நனைந்த சாம்பல் கனத்து, வீட்டுக் கூரைகள் இடிந்து விழுந்தன. வெடிப்பில் இறந்தவர்களில் பெரும்பாலோர் குழம்பில் சிக்கியவர்கள் அல்லர், இப்படிக் கூரைக்கு அடியில் சிக்கியவர்கள்.

தன் படம் காத்ததை அறியாமலே
பினாடுபோ அடிவாரத்து மக்களையும் அதிகாரிகளையும் நம்ப வைத்ததில் ஒரு வீடியோவுக்குப் பெரும் பங்கு உண்டு. எரிமலையின் அபாயங்களைக் காட்டும் அந்தப் படத்தை எடுத்தவர் பிரெஞ்சு எரிமலை ஆய்வாளர் மோரிஸ் கிராஃப்ட். ஆர்மேரோவின் கொடுமையைப் பார்த்த பிறகு அவர் கையிலெடுத்த வேலை அது. பினாடுபோ வெடிப்பதற்கு 12 நாள் முன்பு, ஜூன் 3இல், ஜப்பானின் உன்சென் எரிமலையில் அவரும் மனைவி காத்யாவும் இறந்தார்கள். அன்று மாண்ட 43 பேரில் எரிமலை ஆய்வாளர் ஹாரி கிளிக்கனும் ஒருவர். 1980இல் செயின்ட் ஹெலன்ஸ் காவலை டேவிட் ஜான்ஸ்டனிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றவர் இவர்தான்.

ஒன்றேகால் மணி நேரம்
எல்லா எரிமலையும் மாதக்கணக்கில் அவகாசம் தராது. ஐஸ்லாந்தின் ஹெக்லா 2000 பிப்ரவரி 26 மாலை 5 மணியளவில் நடுங்கத் தொடங்கி, 6.17க்கு வெடித்தது. அதற்குள்ளேயே வானொலியில் எச்சரிக்கை ஒலிபரப்பாகிவிட்டது.

வெடிக்காமல் போனால்?
1976இல் குவாதலூப் தீவின் சூஃப்ரியேர் முனகியபோது சுமார் 70,000 பேரை வெளியேற்றினார்கள். மாதக்கணக்கில் முகாம் வாழ்க்கை. நீராவி வெடிப்புகளோடு மலை அடங்கிவிட்டது. விஞ்ஞானிகள் ஒருவரையொருவர் பொதுவெளியிலேயே சாடிக்கொண்டார்கள். தேவையில்லாமல் வெளியேற்றினால் அடுத்த முறை மக்கள் நம்ப மாட்டார்கள். தயங்கினால் ஆர்மேரோ ஆகிவிடும். இந்த வேலையில் கருவியைவிடக் கடினமானது இந்த முடிவுதான்.

விஞ்ஞானத்தை நம்பாதே என்று ஒரு கல்
1914 ஜனவரியில் ஜப்பானின் சகுராஜிமா எரிமலைத் தீவில் நிலம் நடுங்கியது. பலர் தாமாகவே தீவை விட்டுக் கிளம்பினார்கள். வெடிக்காது என்று வானிலை நிலையம் சொன்னதை நம்பித் தங்கியவர்களில் சிலர் இறந்தார்கள். அங்குள்ள பள்ளி ஒன்றில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. அறிகுறி தெரிந்தால் கோட்பாட்டை நம்பிக் காத்திராமல் உடனே ஓடுங்கள் என்பது அது சொல்லும் பாடம்.

காவலர் போகவில்லை
இந்தோனேசியாவின் மெராபி 2010 அக்டோபரில் உச்ச எச்சரிக்கை நிலைக்குப் போனது. யோக்யகர்த்தா சுல்தானால் மலைக்குச் சடங்குக் காவலராக நியமிக்கப்பட்டிருந்த முதியவர் மரிஜான் இறங்க மறுத்தார். அக்டோபர் 26 வெடிப்பில் உயிரிழந்தார். அடுத்து நவம்பர் 5இல் வரப்போவது இன்னும் பெரிது என்று செயற்கைக்கோள் படங்களும் அதிர்வுகளும் சொல்ல, தடைப் பகுதி 20 கி.மீ. வரை விரிக்கப்பட்டது. 10,000க்கும் மேற்பட்டவர்கள் அதனால் பிழைத்தார்கள் என்பது மதிப்பீடு.

ஒரே நாள் இடைவெளி
கரீபியன் தீவான செயின்ட் வின்சென்ட்டில் 2021 ஏப்ரல் 8 மாலை வெளியேற்ற உத்தரவு வந்தது. மறுநாள் காலை அந்தத் தீவின் லா சூஃப்ரியேர் எரிமலை வெடித்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் ஆபத்துப் பகுதியிலிருந்து வெளியேறியிருந்தார்கள்.

ஏறி இறங்கும் ஊர்
இத்தாலியின் போஸுவோலி நகரத்தில் ரோமானியர் காலச் சந்தையின் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் நடுப்பகுதியில் கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள். ஊர் கடலுக்குள் இறங்கி மறுபடி ஏறியதற்கு அதுவே சாட்சி. கீழே இருப்பது காம்பி ஃப்ளெக்ரெய் எரிமலை. 1982 முதல் 1984க்குள் நிலம் சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. ஆனால் வெடிக்கவில்லை. 2005இலிருந்து மீண்டும் உயர்ந்துவருகிறது.

காலடியில் 15 கி.மீ. விரிசல்
2023 நவம்பர் 10 இரவு ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் நகரத்து மக்கள் சுமார் 3,800 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். ஊருக்கு அடியில் சுமார் 15 கி.மீ. நீள விரிசலுக்குள் குழம்பு புகுந்திருந்தது. வெடிப்பு வந்தது டிசம்பர் 18இல். 2024 ஜனவரி 14இல் ஊர் விளிம்பிலேயே நிலம் பிளந்து மூன்று வீடுகள் எரிந்தன. வீடுகளில் ஆள் இல்லை.

நான்கு எஞ்சினும் நின்ற விமானம்
1982 ஜூன் 24இல் கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றன. சாம்பலை விட்டு வெளியே வந்த பிறகே மீண்டும் இயங்கின. விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. இன்று ஒன்பது மையங்கள் உலக வானத்தைப் பங்கிட்டுக்கொண்டு சாம்பலைக் கண்காணிக்கின்றன. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹெய்லி குப்பி வெடித்தபோது சாம்பல் வட இந்திய வானம் வரை வந்தது. இங்கும் சில விமானங்கள் ரத்தாயின.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு கண்
இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. மேகம், இருட்டு எதுவும் அதன் ரேடாருக்குத் தடையில்லை. நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் தெரியும். 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வரும். கருவி வைக்க வசதியில்லாத எரிமலைகளுக்கும் இனி ஒரு காவல் உண்டு.

நம் எரிமலை
அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முன்பு போர்ட் பிளேர்) வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில் இருக்கும் பேரன் தீவு, இந்தியாவின் உயிருள்ள எரிமலை. முதல் வெடிப்புப் பதிவு 1787இல். 150 ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருந்து 1991இல் மீண்டும் விழித்தது. தீவில் யாரும் வசிக்கவில்லை என்பது ஆறுதல்.

நிலை 1 என்றால்?
ஜப்பானின் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27 அன்று, ஐந்து நிலைகளில் மிகக் குறைந்த 1இல்தான் இருந்தது. நண்பகலுக்குச் சற்று முன் நீராவி வெடித்தது. தொடர் நடுக்கம் காட்டியது 11 நிமிடம் முன்பு, சாய்வு காட்டியது 7 நிமிடம் முன்பு. மலையேறியவர்களில் 58 பேர் இறந்தார்கள், 5 பேர் கிடைக்கவே இல்லை. நியூசிலாந்தின் வகாரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று நிலை 2. சுற்றுலா நடந்துகொண்டிருந்தது. 22 பேர் இறந்தார்கள்.

பாலி, ஜாவா, ஜப்பான், ஹவாய் என்று எரிமலை பார்க்கப் புறப்படுகிறீர்களா? கிளம்பும் நாள் காலை அந்த மலையின் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். நிலை குறைவாக இருந்தாலும் பள்ளத்தின் விளிம்பில் அதிக நேரம் நிற்காதீர்கள். போகாதே என்று பலகை வைத்திருந்தால், டிக்கெட் பணம் போனாலும் பரவாயில்லை, திரும்பிவிடுங்கள்.