ஒரு சர்வர், முப்பது திரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள். பல, ரப்பர்த் தோட்டத்து லயங்களை ஒட்டிப் பிறந்தவை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் பெயர்ந்தன. 150 மாணவர்கூட இல்லாத பள்ளிகள் மிஞ்சின. அப்படி ஒரு பள்ளிக்கு யாரோ கழித்துக்கட்டிய முப்பது கணினிகள் வந்து சேர்ந்தால் என்ன செய்யலாம்?

யூனிக்ஸ் உலகம் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. 1984-இல் எம்ஐடி-யில் பிறந்த எக்ஸ் சாளர முறையில், நிரல் ஓரிடத்தில் ஓடும், அதன் படம் வேறிடத்தில் தெரியும். 1999-இல் ஜிம் மெக்குவில்லன் தொடங்கிய எல்டிஎஸ்பி என்ற மென்பொருள், ஹார்ட் டிஸ்க்கே இல்லாத பெட்டியையும் கேபிள் வழியாக சர்வரிலிருந்து எழுப்பிவிடும். வேலை முழுக்க சர்வருக்கு. பெட்டிக்குத் திரை, விசைப்பலகை, மௌஸ் மட்டும்.

அந்தக் கேபிளில் என்ன போகிறது என்பதுதான் சுவாரசியம். 1024×768 திரையில் 7,86,432 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வைத்தால் ஒரு முழுப்படம் 31 லட்சம் பைட்டுக்கு மேல். 100 மெகாபிட் கேபிளில் விநாடிக்கு நான்கு படத்தைக்கூட முழுசாகத் தள்ள முடியாது, அதுவும் ஒரே ஒருவருக்கு. ஆனால் ‘இந்த இடத்தில் ஒரு செவ்வகத்தை நிரப்பு’ என்று எக்ஸ் சொல்ல 20 பைட் போதும். எழுத்தும் அப்படித்தான். ‘கொ’ என்பதன் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் மூன்றின் உருவங்களும் ஒருமுறை பெட்டிக்குப் போய்விட்டால், அடுத்த தடவையிலிருந்து அவற்றின் எண்ணும் இடமும் போனால் போதும்.

மினுமினுப்பான டெஸ்க்டாப் இந்தச் சிக்கனத்தைக் கெடுத்துவிடுகிறது. நிழல் விழும் சாளரம், மெல்லக் கரையும் மெனு எல்லாம் கட்டளையாகப் போகாமல் படமாகவே போகும். 2011-இல் வந்த க்னோம் 3 டெஸ்க்டாப், வரைகலைச் சிப் இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டது. சிப் இல்லாவிட்டால் அந்தப் பாரமும் ப்ராசஸர் தலையில். எக்ஸ்எஃப்சிஇ, க்னோம் 2-இன் வாரிசான மாட்டே, தைவானில் 2006-இல் பிறந்த எல்எக்ஸ்டிஇ ஆகிய இலகுவான டெஸ்க்டாப்கள் இங்கே மதிப்புப் பெறுவது அதனால்தான். அலங்காரத்தை அணைத்துவிட்டாலும் அவை குறையில்லாமல் ஓடும்.

நினைவகக் கணக்கு இன்னும் வேடிக்கை. ‘இது இத்தனை மெகாபைட் தின்கிறது’ என்று தனிக்கணினியில் அளந்து சொல்வதை முப்பதால் பெருக்கினால் தப்பான விடை வரும். முப்பது பேர் ஒரே நிரலைத் திறந்தாலும், அதன் கட்டளைப் பகுதியை லினக்ஸ் ரேமில் ஒரே பிரதியாகத்தான் வைத்திருக்கும். கரும்பலகை ஒன்று, நோட்டு முப்பது. ஆளாளுக்குப் பெருகுவது நோட்டுகள் மட்டுமே. பகிர்வதைப் பங்கிட்டுக் காட்டும் பிஎஸ்எஸ் என்ற அளவு லினக்ஸில் உண்டு. அதைப் பார்த்துத்தான் சர்வருக்கு ரேம் வாங்க வேண்டும். ஆளுக்கொரு டெஸ்க்டாப்பைத் தேர்ந்துகொள்ள விடுவது தாராள மனசுதான், ஆனால் அவை சார்ந்திருக்கும் ஜிடிகே, க்யூடி நிரலகங்கள் என்று பலகைகளும் பெருகும். எல்லாருக்கும் ஒன்றே என்பது என் கட்சி.

ஸ்கிரீன்சேவரையும் மறந்துவிடக்கூடாது. பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் வெளியே போயிருக்க, முப்பது திரையிலும் குழாய்கள் நெளிந்து வளரும். ஒருவரும் பார்க்காத அந்தப் படங்களை வரைந்தே சர்வர் மூச்சுத் திணறும். வெறும் கறுப்புத் திரை போதும்.

இத்தனை மிச்சம் பிடித்தும் உலாவி வந்து வாரிக்கொண்டு போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். காணொளிப் பக்கங்கள் நாலைந்தைத் திறந்தால், இலகுவான டெஸ்க்டாப்பில் சேமித்ததைப்போல் பல மடங்கு ரேம் காலி. ஒரு பிள்ளை திறந்த பக்கங்கள் மற்ற 29 பேரையும் முடக்காமலிருக்க, லினக்ஸின் சிகுரூப் வசதியால் ஒவ்வொருவர் கணக்குக்கும் ரேம் வரம்பு வைக்கலாம். ஓரளவு புதிய பெட்டிகள் கிடைத்தால் வேறு வழியும் உண்டு. 2019-இல் அல்கிஸ் ஜார்ஜோபுலோஸ் புதிதாக எழுதிய எல்டிஎஸ்பி, நிரல்களை அந்தந்தப் பெட்டியிலேயே ஓடவிட்டு, கோப்புகளை மட்டும் சர்வரில் வைக்கிறது.