ஒன்பது இலக்கமும் ஒரு மாத வாடகையும்

தை மாதக் குளிரில் ரொறொன்ரோவில் வந்திறங்கி, ஸ்காபரோவில் உறவினர் வீட்டு நிலவறையில் பெட்டியை இறக்கிவைத்த மறுதினமே, உத்தியோகம், வீடு, குழந்தைகளின் பள்ளிக்கூடம் என்ற மூன்று விசாரங்களும் ஒருங்கே மனத்தைப் பற்றிக்கொள்ளும் ஒருவருக்கு, இத்தேசத்தில் தமக்கும் உரிமைகள் உண்டு என்ற நினைவு எழவே சில காலம் செல்கிறது. பெரும்பாலான நஷ்டங்கள் அந்த இடைக்காலத்தில்தான் நேர்கின்றன.

முதற்காரியம் சின் நம்பர் என்னும் சமூகக் காப்பீட்டு எண். சர்வீஸ் கனடா அலுவலகத்தில் அதை இலவசமாகவே தருகிறார்கள். இடையில் நின்று பணம் கேட்பவருடைய உபகாரம் அவசியமில்லை. 2014 முதல் பிளாஸ்டிக் அட்டை கிடையாது. 9 இலக்கங்கள் அச்சிட்ட காகிதமே வருகிறது. அதை நான்காக மடித்துப் பணப்பையில் செருகித் திரிபவர்களைக் கண்டிருக்கிறேன். வீட்டில் பத்திரமாக இருக்கவேண்டிய வஸ்து அது. வேலை கொடுப்பவருக்கும், வட்டி தரும் கணக்குத் திறக்கையில் வங்கிக்கும் அந்த எண்ணைச் சொல்லியாக வேண்டும். வீடு வாடகைக்கு விடுபவர் கேட்டால் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

அரசாங்க மருத்துவக் காப்பீட்டுக்கான ஹெல்த் கார்ட்டுக்கு மூன்று மாதம் பொறுக்கவேண்டும் என்று முன்னரே வந்தவர்கள் சொல்லக்கூடும். ஒன்ராறியோவில் 2020இலேயே அந்த நிபந்தனை நீங்கிவிட்டது. ஆகையால் தாமதியாமல் விண்ணப்பித்துவிடலாம்.

வீட்டு விஷயந்தான் விஸ்தாரமாகச் சொல்லத்தக்கது. இந்நாட்டில் கடன் வரலாறு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை என்று காரணங்காட்டி, ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்பதும், சுவரோ தரையோ பழுதானால் ஈடுசெய்ய என்று தனியே ஒரு தொகை கேட்பதும் சகஜமாகிவிட்டன. ஒன்ராறியோவின் 2006ஆம் வருஷத்து வாடகைக் குடியிருப்புச் சட்டமோ, முதல் மாத வாடகைக்கு மேல், கடைசி மாதத்துக்கென ஒரு மாத வாடகையை மாத்திரமே முன்பணமாகக் கேட்க அனுமதிக்கிறது. அதற்கும் வருஷந்தோறும் வட்டி தரவேண்டும். பழுதுக்கான வைப்புப்பணம் சட்டவிரோதம். வீட்டுக்காரர், வாடகைக்காரர் பிணக்குகளைத் தீர்க்கும் வாரியத்தின் உத்தரவின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றவும் முடியாது. வாய்ப்பேச்சில் முடிந்த வாடகை ஒப்பந்தமும் செல்லும்.

ஆனால், வீட்டுக்காரரோ அவருடைய நெருங்கிய குடும்பத்தாரோ அதே கட்டிடத்தில் வசித்து, அவர்களோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளவேண்டிய குடியிருப்பானால் இச்சட்டத்தின் பாதுகாப்பு கிட்டாது. நம்மவர் அதிகமாகக் குடியேறுவது நிலவறைகளிலே என்பதால், கையொப்பமிடுமுன் அடுப்பு யாருடையது, குளியலறைக் கதவு யார் பக்கம் திறக்கிறது என்று பார்த்துக்கொள்வது, வாடகையைப் பேரம் பேசுவதினும் முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

உறவுக்காரர் வீடாயிற்றே, ரசீது கேட்டால் தப்பாக நினைப்பாரே என்ற சங்கோசம் நம்மிடம் மிகுதி. கேட்டால் ரசீதை இலவசமாகத் தருவது அவர் கடமை. அந்தத் துண்டுச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருங்கள். சட்டவிரோதமாக வாங்கிய தொகையை மீட்க வாரியத்திடம் விண்ணப்பிக்க ஒரு வருஷ அவகாசம் இருக்கிறது, அப்போது அந்த டப்பாவே சாட்சி. சம்பளம் பாக்கியென்றால் மாகாணத் தொழில் அமைச்சில் முறையிட இரண்டு வருஷம் உண்டு. எங்கே போவதென்று தெரியாவிட்டால், 211 என்ற எண்ணை அழைத்து, தமிழில் பேசவேண்டும் என்று சொன்னால், மொழிபெயர்ப்பாளரை இணைத்துக்கொண்டு வழிசொல்வார்கள்.