காட்டுக்குள் கார்டு கேமரா, காட்டோரத்தில் சிம் கேமரா

காட்டுப்பாதை ஓரத்து மரத்தில் கட்டிவைத்த சிறு பெட்டி, எதிரே விலங்கு கடந்ததும் தானே படமெடுக்கிறது. படத்தை உள்ளிருக்கும் மெமரி கார்டில் மட்டும் சேர்த்துவைத்தால் அது கார்டு கேமரா. கைப்பேசி டவர் வழியாக உரியவரின் போனுக்கு உடனே அனுப்பிவைத்தால் அது சிம் கேமரா. வனத்துறையினர் இரண்டையும் ‘கேமரா ட்ராப்’ அல்லது தானியங்கி கேமரா என்கிறார்கள்.

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்களை நம்பியே இதன் சந்தை வளர்ந்தது. அங்கேயே அரிசோனா மாநிலம் வேட்டைக்கு இக்கேமராக்களைப் பயன்படுத்துவதை 2022 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம். ஆகவே இங்கே கேமராவுக்கு இரண்டு வேலைகள்தான்: காட்டுக்குள் கணக்கெடுப்பு, காட்டோரத்தில் எச்சரிக்கை. பொதிகை மலைக்கும் தாமிரபரணிக் கரைக்கும் நடுவே இந்த இரண்டு வேலைகளும் சில கிலோமீட்டர் இடைவெளியில் நடக்கின்றன. எதற்கு எந்தக் கேமரா பொருந்தும் என்பதை அந்த நிலத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கம்பியிலிருந்து சென்சாருக்கு

விலங்கே தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் உத்தி பழையது. அமெரிக்கரான ஜார்ஜ் ஷைரஸ் இரவில் கம்பியை இடறும் விலங்குகளைப் படமெடுத்தார். அவருடைய படங்கள் 1906இல் நேஷனல் ஜியோகிராபிக் இதழில் வந்தன. இந்தியாவில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களில் இதே முறையில் புலிகளைப் படம்பிடித்தார். எந்த இரண்டு புலிக்கும் வரி ஒன்றுபோல் இருப்பதில்லை. அதை வைத்துப் புலிகளின் எண்ணிக்கையை மதிப்பிடலாம் என்று உல்லாஸ் கரந்த் 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளெயில் காட்டினார்.

இன்றைய கேமராவில் கம்பிக்குப் பதில் அகச்சிவப்பு சென்சார் இருக்கிறது. சுற்றுப்புறத்தின் வெப்பத்திலிருந்து வேறுபட்ட ஓர் உடல் எதிரே நகர்ந்தால் அது விழித்துக்கொள்ளும். நெல்லைக் கோடையின் உச்சிவேளையில் தரையின் சூடும் விலங்கின் உடற்சூடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், அப்போது சென்சார் மந்தமாகும். இரவிலும் விடியலிலும் கூர்மையாக வேலை செய்யும்.

மலைக்குள்: கணக்கெடுப்பு

பொதிகை மலைப்பகுதியில் முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாயின. இரண்டையும் சேர்த்து 1988இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக களக்காடு முண்டந்துறை அறிவிக்கப்பட்டது. அதன் மையப்பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர்.

நாடு முழுவதும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் புலிகள் கணக்கெடுப்பில் காட்டைக் கட்டங்களாகப் பிரித்து, பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேமராக்களைக் கட்டுகிறார்கள். புலியின் வலப்பக்க வரி வேறு, இடப்பக்க வரி வேறு என்பதால் ஒரே நேரத்தில் இரண்டும் பதிவாக வேண்டும். முழங்கால் உயரம் போதும். 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து 3,48,58,623 படங்கள் எடுக்கப்பட்டன. அது கின்னஸ் சாதனையானது. அவற்றில் புலிப் படங்கள் 76,651, சிறுத்தைப் படங்கள் 51,777. இரண்டையும் கூட்டினாலும் ஆயிரத்துக்கு நான்கு படம் தேறவில்லை.

அடர்காட்டுக்கு கார்டு கேமரா ஏன் போதும் என்பதற்கான விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மிளா, மாடு, மனிதர், அசையும் புல் என வந்து குவியும் படங்களை உடனுக்குடன் அனுப்பினால் பேட்டரிதான் வீணாகும். கணக்கெடுப்புக்கு அவசரமும் இல்லை. சில வாரங்கள் கழித்து கார்டைக் கழற்றிவந்தால் போதும். மேலும், பொதிகையின் மடிப்புகளில் பல இடங்களில் டவர் எட்டாது. சிக்னல் தேடித் தேடியே சிம் கேமராவின் பேட்டரி தீர்ந்துவிடும். மரக்கூரைக்கு அடியில் சோலார் தகடும் உதவாது.

மலைக்குள் கேமராவின் முதல் எதிரி ஈரம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மலை இது. பெட்டியின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருந்தால் லென்ஸ் உள்ளே வியர்த்துவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டுவைப்பது நல்லது. யானை பிடுங்கி எறியாதிருக்க இரும்புக் கூடும் கம்பிப் பூட்டும் தேவை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு மக்கள் திரளும் நாள்களில் அந்தச் சாலையோரக் கேமராவில் மனிதரும் வண்டியும்தான் நிறையும்.

அடிவாரத்தில்: எச்சரிக்கை

மலை இறங்கி வந்தால் கதை மாறுகிறது. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், மணிமுத்தாறு, களக்காடு, திருக்குறுங்குடி ஆகிய ஊர்களின் வயலும் வாழைத்தோட்டமும் காட்டை ஒட்டியே கிடக்கின்றன. காட்டுப்பன்றி வாழையின் அடியைக் கிளறுகிறது. கரடி தோட்டத்துக்கு வருகிறது. சிறுத்தை ஆட்டைத் தூக்குகிறது. 2024 மே மாதம் பாபநாசம் அருகே வேம்பையாபுரம், அனவன்குடி பகுதிகளில் வனத்துறை வைத்த கூண்டுகளில் அடுத்தடுத்து சிறுத்தைகள் சிக்கின.

இங்கே படம் நாளைக்கு வந்து பயனில்லை. ஆட்டுக்கொட்டிலை அடைப்பதற்கு முன்னால் வரவேண்டும். சிம் கேமராவுக்கான காசு அந்த நேரத்துக்கான காசு. உடனடித் தகவலின் பயனைத் தமிழகம் முன்பே கண்டிருக்கிறது. வால்பாறையில் யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் மக்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு உண்டு. கோவை மதுக்கரையில் தண்டவாளத்தை நெருங்கும் யானையைக் கண்டு எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கோபுரங்கள் 2024 பிப்ரவரியில் செயல்படத் தொடங்கின.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் பார்க்க வேண்டியது சிக்னல். கேமராவைக் கட்டப்போகும் மரத்தடியில் போனை வைத்து எந்த நிறுவனத்தின் 4ஜி நன்றாக எட்டுகிறது என்று பார்த்து, அந்த சிம்மைப் போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் கேமரா அந்த நாட்டின் அலைவரிசைக்கும் சிம்முக்கும் பூட்டப்பட்டிருந்தால் இங்கே வெறும் கார்டு கேமராதான்.

இரண்டாவது, வேகம். விலங்கு தென்பட்ட அரை நொடிக்குள் படம் விழ வேண்டும். இல்லாவிட்டால் வால் மட்டும் கிடைக்கும். மூன்றாவது, இரவு வெளிச்சம். 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு தொலைவு எட்டும், ஆனால் மங்கலான செம்புள்ளி தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தொலைவு குறைவு. ஆள் நடமாட்டமுள்ள வரப்பில், திருட்டுக்குத் தப்ப, இரண்டாவதே பாதுகாப்பு.

நான்காவது, மின்சாரம். வெயில் தாராளமாக விழும் வாழைத்தோட்டத்தில் சிறு சோலார் தகடு பேட்டரிச் செலவை மிச்சப்படுத்தும். மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. போனுக்கு வருவது பெரும்பாலும் சுருக்கிய படம்தான். வந்தது பன்றியா சிறுத்தையா என்று அறிய அது போதும்.

கட்டும் முறை

கேமரா வடக்கோ தெற்கோ பார்த்திருக்க வேண்டும். கிழக்கும் மேற்கும் பார்த்தால் வெயில் நேரே விழுந்து படமும் கெடும், சென்சாரும் ஏமாறும். பாதைக்குக் குறுக்காக வைக்காமல் சாய்வாக வைத்தால் விலங்கு கூடுதல் நேரம் படத்துக்குள் நிற்கும். எதிரே உள்ள புல்லைச் செதுக்கிவிட வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் வெயில்பட்ட வாழையிலை ஆடினாலே சென்சார் விழித்துக்கொள்ளும் என்பதால், இலை மறைக்காத வரப்பு முனையோ ஓடைத் தாரையோ ஏற்ற இடம். உணர்திறனை நடுத்தரமாக வைத்து, மாலை முதல் விடியல் வரை மட்டும் இயங்கும்படி நேரம் குறித்தால் பகலில் மேயும் ஆடுமாடுகளின் படங்கள் தவிரும்.

படம் வந்த பிறகு

காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும் படமெடுப்பதும் சட்டப்படி கூடாது. அங்கே கேமரா வைப்பது வனத்துறை அல்லது அனுமதி பெற்ற ஆய்வாளர் வேலை. விவசாயி தன் தோட்டத்தில் வைக்கலாம். வைக்கும்போது அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட வேண்டும். குளிக்கும் துறை, ஒதுங்கும் இடம் ஆகியவற்றை நோக்கித் திருப்பவே கூடாது.

சிறுத்தையோ கரடியோ பதிவானால் செய்தி போகவேண்டிய இடம் வனச்சரக அலுவலகம். இடத்தோடும் நேரத்தோடும் அதை வாட்ஸ்அப் குழுவில் பரப்பினால் கூட்டமும் கூடும், கண்ணி வைப்பவருக்கும் வழி தெரிந்துவிடும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

சில வாரப் படங்களை நேரப்படி அடுக்கிப் பார்த்தால் விலங்கு எந்த ஓடை வழியாக, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பது தெரியவரும். வேலியில் எந்த இடத்தை அடைக்கலாம், ஆட்டைக் கூரையும் கதவும் உள்ள கொட்டிலில் எப்போது சேர்க்கலாம், எந்த நேரத்தில் தண்ணீர் பாய்ச்சத் தனியாகப் போகக்கூடாது என்பதையெல்லாம் அதைக் கொண்டு முடிவுசெய்யலாம். கூண்டு வைத்து ஒரு சிறுத்தையைப் பிடித்து அகற்றினால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரலாம். அதுவும் பெரும்பாலும் அதே வழியில்தான் இறங்கும் என்பதால், கேமரா கண்டுசொன்ன வழியும் வேளையும் அடுத்த ஆண்டுக்கும் உதவும்.