வெல்டிங் பழகுவது: கைக்கு முன்னால் கண்

புதுச்சேரியில் கடலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் இரும்பு கேட் ஒரு தொடர்செலவு. உப்புக்காற்று கீலில் ஆரம்பித்து சட்டம் முழுக்கத் தின்றுவிடும். மூன்றாவது முறை ஆள் கூப்பிட வேண்டி வந்தபோது, இதை நாமே கத்துக்கிட்டா என்னன்னு தோணுச்சு. பி.இ. முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாயின்ட் போட்டு மார்க் வாங்கியதோடு சரி. அதற்கப்புறம் கீபோர்டுதான்.

நெல்லித்தோப்பு பக்கம் ஒரு பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித்தர அங்கிருந்த அண்ணன் ஒத்துக்கொண்டார். முதல் நாள் நான் உதவியாள் மட்டும்தான். நான் சட்டத்தைப் பிடிக்க, அவர் அங்கங்கே டேக் வைத்தார். "கண்ணை மூடிக்கோங்க சார், சும்மா டேக்குதான்." மூடினேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக. இருபது, முப்பது டேக் இருக்கும்.

சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு, கண்ணில் மணலை வாரிப் போட்ட மாதிரி எழுந்தேன். மெட்ராஸ் ஐ என்று வீட்டில் முடிவுகட்டி என் துண்டைத் தனியாக வெச்சுட்டாங்க. காலையில் போன் பண்ணினால் அண்ணன், "உருளைக்கிழங்கைச் சீவி வைங்க சார், சரியாயிடும்" என்கிறார். கண் டாக்டரிடம் போனேன். இரண்டு நாளில் சரியானது.

நடந்தது இதுதான். வெல்டிங் வில் வெளிச்சத்தோடு புற ஊதாக் கதிரையும் வீசுகிறது. அது கருவிழியின் மேல்தோல் செல்களைச் சுடுகிறது. அந்த செல்கள் உதிர்ந்து நரம்பு நுனிகள் வெளியே தெரிய சில மணி நேரம், பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் பகலில் வாங்கிய அடி ராத்திரி வலிக்கிறது. ஒரே நாளில் படும் சின்னச் சின்ன டோஸ்கள் ஒன்றாகச் சேரும். என் முப்பது 'கொஞ்சம் தாமதம்' அப்படிச் சேர்ந்ததுதான். மேல்தோல் உரிந்த கண்ணில் உருளைக்கிழங்கு, தாய்ப்பால் எல்லாம் வைத்தால் கிருமித்தொற்றுக்கு வழி. மரத்துப்போகும் சொட்டு மருந்தை நாமாகப் போட்டுக்கொண்டாலும் புண் ஆறுவது தள்ளிப்போகும்.

அடுத்த கேள்வி: பட்டறைகளில் போடும் கூலிங் கிளாஸ் போதாதா? இங்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கறுப்பான கூலிங் கிளாஸ்கூட வெளிச்சத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை உள்ளே விடும். வெல்டிங் கண்ணாடியின் நம்பர் மடக்கை அளவுகோல். 10ஆம் நம்பர் சுமார் 7,200ல் ஒரு பங்கைத்தான் விடும், 11ஆம் நம்பர் 19,000ல் ஒன்று. நம்பர் ஒன்று கூடினால் வெளிச்சம் ஏறக்குறைய 2.7 மடங்கு குறையும். ஆக, கூலிங் கிளாஸும் வெல்டிங் கண்ணாடியும் அண்ணன் தம்பி இல்லை, வேறு வேறு ஜாதி. கூலிங் கிளாஸில் பக்கவாட்டுத் திறப்பு வேறு. சுண்ணாம்படித்த சுவரில் பட்டுத் திரும்பும் கதிர் அந்த வழியாக வரும்.

அடுத்த ஞாயிறு 11ஆம் நம்பர் கண்ணாடியுள்ள ஷீல்டோடு போனேன். அப்போதுதான் எதிர்பாராத ஒன்று புரிந்தது. கறுப்புக் கண்ணாடி வெறும் பாதுகாப்பு இல்லை, வேலைக்கான கருவியே அதுதான். வெறுங்கண்ணுக்கு ஒரு வெள்ளைப் பொறி மட்டும் தெரியும். கண்ணாடி வழியே பார்த்தால் வில்லுக்குக் கீழே உருகிய இரும்பு ஒரு சின்னக் குட்டையாகத் தளும்புவது தெரியும். வெல்டிங் என்பது அந்தக் குட்டையை ஒரே அகலத்தில் நகர்த்திக்கொண்டு போவது. வேகமாக இழுத்தால் மெலிந்து கயிறு மாதிரி நிற்கும். நின்றுவிட்டால் மெல்லிய தகடு ஓட்டையாகும். ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ராடின் தடிமன் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். குட்டை தெரியாதவனுக்கு இதையெல்லாம் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது.

இன்னும் சில, தொடங்குகிறவர்களுக்கு:

ராடு டப்பாவில் இ6013 என்று இருக்கும். 60 என்றால் படிந்த உலோகம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவையைத் தாங்கும். 1 என்றால் எல்லா நிலையிலும் பற்றவைக்கலாம். கடைசி இரண்டு எண்கள் சேர்ந்து பூச்சின் வகையைச் சொல்கின்றன. இதில் ரூட்டைல் பூச்சு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கிற கனிமங்களில் ரூட்டைலும் ஒன்று. 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரை வைத்துப் பழகலாம்.

நம்ம ஊர் வியர்வையில் தோல் நன்றாக மின்சாரம் கடத்தும். காய்ந்த கையுறை, ஷூ இல்லாமல் ராடு மாற்றாதீர்கள்.

துருவுக்குப் பயந்து இங்கே ஜி.ஐ. பைப் அதிகம். அதன் துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். மூச்சில் போனால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெல்டிங் புகையையும் அதன் புற ஊதாக் கதிரையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2017ல் வகைப்படுத்தியது.

என் கேட்டை நானே பற்றவைத்துவிட்டேன். கோடு கோணல்தான், ஆனால் பிடித்திருக்கிறது. எனக்கு இரண்டு நாள் வலித்தது, டாக்டரிடம் போக லீவும் இருந்தது. பட்டறையில் கூலிங் கிளாஸோடு டேக் வைக்கும் தம்பிக்கு அது வாரத்தில் ஒரு ராத்திரி. "பழகிடுச்சு சார்" என்கிறான். கருவிழி பழகுவதில்லை. என் ஷீல்டை அவனிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ராடை இழுத்து முடித்துவிட்டு, "அண்ணே, உள்ள தண்ணி மாதிரி ஓடுதுண்ணே" என்று அண்ணனைக் கூப்பிட்டான். ஷீல்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.