கலங்கிய கடலின் கணக்கு

கேரளத்தின் ஒற்றசேகரமங்கலத்தில் மண்டபத்தின்கடவைத் தொட்டு ஓடும் நெய்யாறு, மழைக்காலத்தில் மலைமண்ணைக் கரைத்துக்கொண்டு நெய்யாற்றின்கரை தாண்டி, பூவாறு பொழிமுகத்தில் கடலில் சேர்கிறது. அப்போது கரையோரம் காவி, தள்ளிப் பச்சை, அதற்கும் அப்பால் நீலம். மூன்றில் நீலம்தான் சுலபமான கணக்கு.

அதற்கு 1921இலேயே விடை கிடைத்துவிட்டது. வானத்தின் நீலமே கடலில் தெரிகிறது என்பது ராலே பிரபுவின் கருத்து. நார்குண்டா கப்பலில் ஊர் திரும்பிய சி.வி.ராமன், நிக்கோல் பட்டகம் ஒன்றால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியைத் தடுத்துப் பார்த்தார். நீலம் மங்கவில்லை, கூடியது. ஒளியைச் சிதறடிப்பவை நீரின் மூலக்கூறுகளே என்றார். திருவனந்தபுரம் கல்லூரியில் வேலை பார்த்துவிட்டு அவரிடம் போய்ச் சேர்ந்த கல்பாத்தி கே.ஆர்.ராமநாதன், 1923இல் கடல் நிறம் பற்றி எழுதிய கட்டுரையில் அந்தக் கணக்கை விரித்தார். நீலம் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். போதாததற்குச் சிவப்பைத் தண்ணீரே உறிஞ்சிவிடும்.

மண்துகளுக்கு இது செல்லாது. ஒளியின் அலைநீளத்துக்குச் சமமான, அதைவிடப் பெரிய துகள்களுக்கு குஸ்தாவ் மீ 1908இல் எழுதிய சமன்பாடுகள் வேண்டும். தங்கத் துகள் மிதக்கும் நீரின் நிறத்துக்காக அவர் போட்ட கணக்கு அது. துகளெல்லாம் உருண்டை என்று வைத்துக்கொள்கிறது. கடலிலோ டயாட்டம் பாசி ஊசியாகவும் சங்கிலியாகவும் கிடக்கிறது. இத்தனை பெரிய பொய்யை வைத்துக்கொண்டும் மொத்தச் சிதறல் ஓரளவு சரியாகவே வருவது எனக்கு இன்றும் வியப்புதான். ஏமாற்றுவது பின்சிதறல். துகளில் பட்ட ஒளியில் பெரும்பங்கு முன்னோக்கியே போய்விடும். மேல்நோக்கித் திரும்பும் ஓரிரு சதவீதத்தை நம்பித்தான் கடலின் நிறத்தைப் பார்க்கும் செயற்கைக்கோள் இருக்கிறது.

2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 செயற்கைக்கோள் கடலை 13 நிறப்பட்டைகளில் பார்க்கிறது. பாசியின் பச்சையம் நீலத்தை உறிஞ்சும். எனவே நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதம் பாசியின் அளவைச் சொல்லும். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் மீனவர்களுக்குத் தரும் மீன்வளப் பகுதி அறிவிப்புக்கு இந்தத் தகவலும் அடிப்படை. ஆழ்கடலில் இது நன்றாகவே நடக்கும். ஆற்றுமுகத்தில் அப்படியில்லை. மக்கிய இலைகளின் மஞ்சள் சாறும் அதே நீலத்தை உறிஞ்சும்; மண்ணோ எல்லா நிறத்தையும் திருப்பியனுப்பும். சேற்றுநீரைப் பாசிவளம் என்று கருவி சொல்லிவிடலாம். இதனால்தான் மோரெல், பிரியர் என்ற இருவர் 1977இல் கடல்நீரை, பாசியே நிறம் தரும் நீர், மண்ணும் சாறும் கலந்த நீர் என இரண்டு வகையாகப் பிரித்தார்கள்.

சேற்றையும் பாசியையும் பிரித்தறியக் கையாளப்படும் வழிகளில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பட்டையில் தொடங்குவது. அந்த ஒளியைத் தண்ணீர் பெரும்பாலும் விழுங்கிவிடும். வளிமண்டலத்தின் பங்கைக் கழித்த பிறகும் அங்கே ஏதாவது திரும்பி வந்தால் அது பெரும்பாலும் மண்ணின் வேலை. அதைக் கணக்கில் ஒதுக்கிய பிறகே பாசியைத் தேட வேண்டும்.