கடல் தாண்டியும் குக்கரா?

கல்யாணமாகி 29 வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில்தான் முதல் முறையாக வெளிநாடு போனோம். மகன் டிக்கெட் எடுத்துக் கொடுக்க, நானும் என் கணவரும் மலேசியாவில் உள்ள பினாங்குக்கு 4 நாள் பயணமாகக் கிளம்பினோம்.

"அங்கே என்னத்தைப் போடுவாங்களோ, பார்த்துச் சாப்பிடுங்க அண்ணி" என்று நாத்தனார் பயமுறுத்தியதில், வறுத்த ரவை, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், போதாக்குறைக்குச் சின்ன எலக்ட்ரிக் குக்கர் என எல்லாம் பெட்டியில் ஏறின.

முதல் நாள் ராத்திரி. ஜார்ஜ் டவுனில் லாட்ஜ் ரூம். கீழே தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். வாசனை மூக்கைத் துளைக்கிறது. நானோ பாத்ரூமில் குக்கர் கழுவிக் கொண்டிருக்கிறேன்! இவர் டி.வி. பார்த்தபடியே, "உப்புமாவுல உப்பு தூக்கல்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "நாளையிலேர்ந்து நான் சமைக்கப் போறதில்லீங்க. இந்த ஊர் சாப்பாடுதான்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை வாழையிலைப் பொட்டலத்தில் 'நாசி லெமாக்' வாங்கினேன். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, முட்டை, காரமான சம்பல். நான் ருசித்துச் சாப்பிட, இவர் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு பிரெட் தின்றார்.

மத்தியானம் 'அசாம் லக்சா'. அசாம் என்றால் புளிப்பு. மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்துக் கொதிக்க விட்டு, தடிமனான அரிசிச் சேவையின் மேல் ஊற்றி, புதினா, அன்னாசி, வெங்காயம் தூவித் தருகிறார்கள். கடைக்காரச் சீனப் பாட்டி என் கிண்ணம் காலியாவதைப் பார்த்துச் சிரித்தார். இவர் மெதுவாக ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தவர், "அட, எங்கம்மா வைக்கிற மீன் குழம்பு மாதிரியே இருக்கே!" என்றார்.

அன்று சாயங்காலம் அவரே வரிசையில் நின்று 2 கிண்ணம் 'செண்டோல்' வாங்கி வந்தார். தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிற மாவுச்சேவை, மேலே துருவிய ஐஸ். ஒன்றை முதலில் என் முன்னால் வைத்தார். சர்க்கரைக்காரர் என்பதால் தன் கிண்ணத்தில் 2 ஸ்பூனோடு நிறுத்திக் கொண்டார். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டே பழகிய எனக்கு, கண் கலங்கிவிட்டது.

மலேசியா போகும் தோழிகளுக்குச் சில குறிப்புகள்: 'ஆயாம்' என்றால் கோழி, 'ஈக்கான்' மீன், 'டாகிங்' பெரும்பாலும் மாட்டிறைச்சி, 'பாபி' பன்றி. சைவம் சாப்பிடுபவர்கள் கவனம். சம்பலில் பெரும்பாலும் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத டீ கிடைக்கும். 'கூராங் மானிஸ்' என்றால் இனிப்பு குறைவு. பார்சலுக்கு 'புங்குஸ்' என்றால் போதும்.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் என்று மாத்திரை, பருப்புப்பொடி கொண்டு போங்கள், தப்பில்லை. குக்கரை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.