குழந்தையின் அச்சமும் நாம் தரும் சொல்லும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கியது. நண்பகல் கடந்த வேளையில் ஆழிப்பேரலை கெடாவின் கோத்தா கோலா மூடாவை அடைந்தது. மலேசியாவில் மட்டும் 68 பேர் உயிரிழந்தனர். அன்று சிதைந்த மீன்பிடிப் படகுகள் அங்கே நினைவுச்சின்னமாக நிற்கின்றன. சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஒரு வினாவுக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும்: "டீச்சர், கடல் மறுபடியும் வருமா?"

"ஒன்றுமில்லை, பயப்படாதே" என்பதே நம் நாவில் முதலில் எழும் விடை. உடைந்த படகு கண்ணெதிரே நிற்கும்போது குழந்தை அதை எங்ஙனம் நம்பும்?

அச்சம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுக்கின்றது. நம் வீட்டுப் பேச்சில் இந்நான்கும் இன்றும் உள்ளன. பூச்சாண்டி அணங்கு, நாயும் பாம்பும் விலங்கு, பிள்ளை பிடிக்கிறவன் கள்வன், "மாத்தா மாத்தா வந்து பிடித்துக்கொண்டு போவார்" என்னும்போது அதிகாரம் உடைய இறை வந்துவிடுகின்றது. சோறூட்டவும் உறங்கவைக்கவும் இவற்றை ஏவிவிடுபவர்கள் நாமே. பின்னர், இருட்டறைக்குள் போக மறுக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம்!

இங்கே இலக்கணம் நமக்குத் துணை நிற்கும். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று குழந்தை சொல்கின்றது. "எனக்குப் பசிக்கிறது", "எனக்குக் குளிர்கிறது" என்பனவற்றைப் போல இதுவும் நான்காம் வேற்றுமையில் அமைந்த தொடர். அச்சம் என்பது எனக்கு வந்துள்ளது. வந்தது போகவும் கூடும். ஆனால் "பயந்தாங்கொள்ளி" என்று நாம் அழைத்த அக்கணமே அது பெயராகி ஒட்டிக்கொள்கின்றது. விருந்தாளியை வீட்டுக்காரனாக்கிவிடுகிறோம். வகுப்பறையில் இச்சொல்லை நான் ஒருபோதும் அனுமதிக்கமாட்டேன்.

"ஏன் பயப்படுகிறாய்?" என்று கேட்பதும் பெரிதும் பயன்படாது. நான்கு வயதுப் பிள்ளைக்குக் காரணம் கூறல் அரிது. "எதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது? எப்பொழுது வருகிறது? எவ்வளவு பெரியது?" என்று கேட்டால் சொல்லும்; தாள் கொடுத்தால் வரைந்தும் காட்டும்.

கடலைப் பற்றிய வினாவுக்கு உண்மையே விடை. சுனாமி என்னும் சப்பானியச் சொல்லுக்குத் துறைமுக அலை என்பது பொருள். நம்மிடம் கடல்கோள் என்னும் பழஞ்சொல் உண்டெனினும், சிறுவரிடம் அதைத் தவிர்ப்பேன். அதில் கடல் ஊரைக் கொள்ளும் உயிராகிவிடுகின்றது. ஆழிப்பேரலை போதும். "கடலடியில் நிலம் அசைந்தால் அந்த அலை எழலாம். அது மிக அரிது. நாள்தோறும் வரும் அலை வேறு. நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, கடல்நீர் திடீரென உள்வாங்கினாலோ மேட்டு நிலத்துக்கு ஓடவேண்டும்" என்று சொல்லலாம்.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் இருந்த டில்லி சிமித் என்னும் 10 வயது ஆங்கிலச் சிறுமி, இரு வாரங்களுக்கு முன் புவியியல் பாடத்தில் கற்றதைக் கொண்டு கடலின் மாற்றத்தை உணர்ந்து எச்சரித்தாள். மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் தப்பினர். அவளும் அஞ்சினாள்; ஆயினும் எதற்கு அஞ்சுகிறோம் என்பதை அவளால் பெயர் சொல்லிக் கூற முடிந்தது.

சொல்லோடு பழக்கமும் வேண்டும். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனைப் பற்றி மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சிறுவன் விரும்பியதை உண்டுகொண்டிருக்கையில், கூண்டிலிருந்த முயல் சிறிது சிறிதாக அருகே கொணரப்பட்டது. இறுதியில் அவன் அதைத் தொட்டு விளையாடினான். கடலுக்கும் இம்முறை பொருந்தும். முதன்முறை தொலைவில் அமர்ந்து பலகாரம் உண்ணலாம். அடுத்த முறை உலர்ந்த மணல். பின்னர் அம்மாவின் கையைப் பிடித்தபடி ஈர மணல். தூக்கிச் சென்று நீரில் இறக்கிவிடும் வீரம் வேண்டா. அடுத்த முறை எவ்வளவு நெருங்குவது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.